கைவினைஞரைப் பள்ளிக்கு அழைக்க நான்கு வழிகள்: கடலூரிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் சென்ற மாதக் கூட்டத்தில், முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து கலைக் கல்விக்கென்று 40,000 ரூபாய் தர முன்வந்திருக்கும் செய்தியைத் தலைமையாசிரியர் சொன்னார். ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் உள்ள 82 பிள்ளைகளுக்கு, இந்த வட்டாரத்துக் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு ஏதேனும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. எதைச் செய்வது என்பதில் கூட்டத்தில் நான்கு கருத்துகள் எழுந்தன. நான்கையும் ஒப்பிட்டு எழுதித் தருமாறு ஓவிய ஆசிரியர் என்ற முறையில் என்னிடம் கேட்டார்கள். அந்தக் குறிப்பை மற்றப் பள்ளிகளுக்கும் பயன்படும்படி விரித்து எழுதியிருக்கிறேன். நான்கில் மூன்று வழிகளை வெவ்வேறு பள்ளிகளில் நானே செய்து பார்த்தவன் என்பதால், இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். அதை மறைக்க முயலவில்லை.

நம் பக்கத்தில் கைவினைஞருக்குப் பஞ்சமில்லை. கடலூர் நகருக்குள்ளேயே வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. பண்ருட்டிப் பொம்மைகளுக்கும் தனிப் பெயர் உண்டு. புதுச்சேரிப் பக்கம் போனால் வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆகவே யாரை அழைப்பது என்பது பெரிய கேள்வியே இல்லை. வந்தவரோடு ஆசிரியர் என்ன செய்யப்போகிறார் என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி: ஒருநாள் செயல்விளக்கம்

கூட்டத்தில் பெரும்பாலோர் விரும்பியது இதைத்தான். ஒருநாள் குயவர், ஒருநாள் காகிதக்கூழ் பொம்மை செய்பவர், ஒருநாள் தெருக்கூத்துக் கலைஞர் என்று ஆண்டுக்கு ஆறேழு நாள்கள் நடத்தலாம். ஒவ்வொரு நாளுக்கும் ஐயாயிரத்துக்கு மேல் ஆகாது. படம் எடுத்துக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பலாம்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சக்கரம் சுழல, ஈர மண் விரல்களுக்கிடையே எழும்பி வாய் விரிந்து கழுத்தாகக் குறுகும் அந்த அரை நிமிடத்தில், கடைசி வரிசையில் எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட வாயை மூடிவிடுவார்கள். ஆனால் 82 பிள்ளைகளில் சக்கரத்தில் கை வைக்க வாய்ப்புக் கிடைப்பது பத்துப் பேருக்கு. மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. அன்றைக்கு ஆசிரியரின் வேலை என்ன? வரிசையை ஒழுங்குபடுத்துவது, "தள்ளாதே, உட்கார்" என்று சத்தம் போடுவது, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போடுவது. முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் இப்படி ஒருநாள் நடத்திவிட்டு, அடுத்த வாரம் பிள்ளைகளைக் கண்டதை வரையச் சொன்னேன். எல்லோரும் சக்கரத்தை வரைந்தார்கள். அந்த மண் எங்கிருந்து வந்தது, அதை ஏன் ஊறவைத்து மிதித்தார்கள் என்ற கேள்விக்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. மண் பிசைந்த நிலையில்தான் பள்ளிக்கு வந்தது.

கூத்து, பறை, கும்மி போன்ற நிகழ்த்து கலைகளுக்கு இந்த வழி பொருந்தும். அவற்றைப் பார்ப்பதே ஒரு முழு அனுபவம். கைத்தொழிலுக்கு இது போதாது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி: பட்டறைக்கே போவது

இது ஒருநாள் செயல்விளக்கத்தைவிட நிச்சயமாக மேலானது. வேலையை அது பிறக்கும் இடத்திலேயே பிள்ளைகள் பார்க்கிறார்கள். சாக்குப் போட்டு மூடிய மண் குவியல், பாதி உடைந்த பிளாஸ்டர் அச்சுகள், நிழலில் வரிசையாகக் காயும் பொம்மை முண்டங்கள், அவற்றுக்கு அருகில் தனியாகக் காயும் கைகள், சூளையின் கரி படிந்த சுவர், உடைந்து தள்ளுபடியானவற்றின் குவியல் எல்லாம் கண்ணில் படும். எங்கள் பிள்ளைகள் ஒருமுறை போயிருந்தபோது, அந்த வீட்டு அம்மாள் பொம்மைகளுக்கு முகத்தில் வண்ணம் பூசி முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். "கண்ணு தொறந்துட்டா அப்புறம் அது பொம்மையில்ல பாப்பா" என்று அவர் சொன்னதை, ஆறு மாதம் கழித்து ஒரு சிறுமி தன் கட்டுரையில் அப்படியே எழுதியிருந்தாள். இதற்கு நடுவே மொத்த வியாபாரி ஒருவர் கைப்பேசியில் விலை குறைத்துக் கேட்டதும், அவர் முடியாது என்று சொன்னதும் பிள்ளைகளின் காதில் விழுந்தன. கைத்தொழிலின் பொருளாதாரத்தைப் பற்றி நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசினாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமம் இன்னும் வசதியானது. பல தொழில்களை ஒரே வளாகத்தில் பார்க்கலாம். ஆனால் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் கிடைப்பது அங்கே முழுதாகக் கிடைக்காது.

குறைகளும் உண்டு. பட்டறை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டுத் தாழ்வாரம். ஒரு நேரத்தில் இருபது இருபத்தொரு பேருக்கு மேல் நிற்க இடம் இருக்காது. எங்கள் 82 பேருக்கு நான்கு தடவை போக வேண்டும்; நான்கு அரை நாள்கள் அவர்களுடைய வேலை கெடும். அதற்கு ஈடு கொடுக்காமல் "பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது, அது சரியில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை என் தவறிலிருந்தே சொல்ல வேண்டும். பழைய பள்ளியில் இத்தகைய பயணத்துக்கு ஏற்பாடு செய்தபோது, நாங்கள் போகவிருந்த தெருவிலேயே என் வகுப்பு மாணவன் ஒருவனின் வீடும் இருந்தது. அவன் தந்தையும் அதே தொழில் செய்பவர். அவனுக்குப் பெருமையாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அன்று அவன் பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் காய்ச்சல் என்றான். அவனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. தன் வீட்டையும் அப்பாவையும் நாற்பது பேர் வேடிக்கை பார்க்க வருவதை எந்தப் பிள்ளை விரும்பும்?

1953-இன் நிழல்

இந்த இடத்தில் சற்று விலகி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் கைத்தொழிலையும் பள்ளியையும் சேர்த்துப் பேசும் எவரும் 1953-ஐ ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அவ்வாண்டு இராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. அது குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராசர் முதலமைச்சரான பிறகு கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழிந்தும் அந்த நினைவு மங்கவில்லை. எங்கள் கூட்டத்திலேயே உறுப்பினரான ஒரு தாய் எழுந்து, "பானை செய்யவா சார் எம் புள்ளைய படிக்க அனுப்புறேன்?" என்று கேட்டார். அவர் அறியாமல் கேட்டார் என்று தள்ளிவிடக் கூடாது, அறிந்துதான் கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்லக்கூடிய வழியையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வழியில் வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும், ஆண் பெண் வேறுபாடின்றி, எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அதே மண்ணில் கை வைக்க வேண்டும். "படிப்பு ஏறாத பிள்ளைகளை மட்டும் அனுப்பலாம்" என்று ஓர் ஆசிரியர் சொன்னாலும் அந்தத் திட்டம் அன்றோடு கெட்டுவிடும். கைவினைஞர் வேலைக்காரராக வராமல் கற்பிப்பவராக வர வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் ஒருநாள் செயல்விளக்கமும் பட்டறைப் பயணமும் பாதி தூரந்தான் வருகின்றன. இரண்டிலும் பிள்ளைகள் பார்வையாளர்கள், கைவினைஞர் காட்சிப் பொருள்.

மூன்றாவது வழி: ஆசிரியருக்குப் பயிற்சி

கைவினைஞர் பிள்ளைகளைச் சந்திக்க வேண்டியதில்லை. விடுமுறையில் ஆசிரியர்களுக்கு இரண்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டால், ஆண்டுதோறும் அவர்களே நடத்திக்கொள்வார்கள் என்பது இதன் வாதம். 1979-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் இத்தகைய ஆசிரியர் பயிற்சிகளை நெடுங்காலமாக நடத்திவருகிறது. செலவு குறைவு, கணக்கில் பார்த்தால் அதிகப் பிள்ளைகளைச் சென்றடைவதும் இதுவே.

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. கை அறிந்த ஒன்றை இரண்டு நாளில் இன்னொரு கைக்கு மாற்ற முடியாது. பயிற்சி முடித்துத் திரும்பும் ஆசிரியரிடம் ஓர் அச்சிட்ட தாளும் நாலைந்து படங்களும் இருக்கும்; முதல் ஆண்டு உற்சாகமாகச் செய்வார்; மண் கிடைக்காத ஆண்டில் கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணுக்கு மாறுவார்; அதற்கு அடுத்த ஆண்டு பணிமாறுதலில் போய்விடுவார். அத்தோடு, கலைக்கென்று ஆசிரியர் இருப்பதே எத்தனை பள்ளிகளில் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வாரத்துக்கு மூன்று அரை நாள் பணிக்கென நியமிக்கப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்தாலும் பணி நிரந்தரக் கோரிக்கை இன்றுவரை தீரவில்லை. தன் வேலையே நிலையில்லாத ஓர் ஆசிரியரிடம் இன்னொரு பயிற்சியையும் சுமத்திவிட்டுக் கலைக் கல்வி வளர்ந்துவிட்டது என்று சொல்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

ஆனாலும் இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு வேறு வழி எளிதில் இல்லை. அவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், ஒரு திருத்தத்தோடு: பயிற்சி கல்வி அலுவலகக் கூடத்தில் நடக்காமல் கைவினைஞரின் பட்டறையில் நடக்கட்டும். ஆசிரியரும் ஒருநாள் மண் மிதிக்கட்டும்.

நான்காவது வழி: இருவரும் சேர்ந்து நடத்தும் தொடர் வகுப்பு

கைவினைஞர் வாரம் ஒருநாள் என்று எட்டு வாரம் வருகிறார். ஆசிரியரும் அவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு பாடத்தை நடத்துகிறார்கள். செலவும் சிரமமும் அதிகம் பிடிப்பது இதுதான். முந்தைய பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இதைச் செய்தேன். முதல் ஆண்டு சரியாக வரவில்லை.

காரணம் எளிது. எட்டு வாரத் திட்டத்தை நானே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதல் வாரம் விலங்குகள் என்று போட்டிருந்தேன். வகுப்புக்கு வந்த குயவர், வயதில் பெரியவர், தாளைப் பார்த்துவிட்டு, "ஆனையெல்லாம் எடுத்ததும் வராது சார். மொதல்ல அகல் போடட்டும்" என்றார். பிள்ளைகளின் கற்பனையை அகலுக்குள் அடைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாற்பது யானைகள் உருவாயின. தடித்த கால்கள், உள்ளே குடையாத வயிறு. வெளியில் காய்ந்து வெளுத்திருந்தவை உள்ளே ஈரமாகவே இருந்திருக்கின்றன. சூளையில் வைத்த அன்று இரவு, அவர் வீட்டில் வெடி வெடித்தது போலச் சத்தம் கேட்டதாம். மறுநாள் ஒரு கூடை நிறையக் காலும் தும்பிக்கையும் வந்து சேர்ந்தன. கனமான மண்ணுக்குள் சிக்கிய நீர் சூடேறி ஆவியாகும்போது வெளியேற வழியின்றிப் பிளக்கிறது என்பதை நானும் புத்தகத்தில் படித்தவன்தான். என் கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு, பிள்ளைகளைச் சந்திக்கும் முன்பே நாங்கள் இருவரும் இரண்டு அரை நாள்கள் அவர் பட்டறையில் உட்கார்ந்து பேசினோம். அந்த இரண்டு அரை நாள்களுக்கும் சேர்த்துத்தான் அவருக்கு ஊதியம் தரப்பட்டது. முழுத் திட்டத்தின் தலைவிதியும் அந்த இரண்டு அமர்வுகளில்தான் இருந்தது என்பது இன்று என் உறுதியான எண்ணம். அகல் முதலில் என்பதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆறாவது வாரத்திலிருந்து பிள்ளைகள் தாங்கள் விரும்பியதைச் செய்யலாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையும் முதல் மூன்று வாரத்தில் இருபது அகலாவது செய்ய வேண்டும், நன்றாக வந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மீண்டும் மண்ணில் கரைத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட விதி. கல்லூரியில் சுய வெளிப்பாடு என்பதையே மந்திரமாகக் கற்று வந்த எனக்கு, ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது உறுத்தலாக இருந்தது. இருபதாவது அகலுக்குள் பிள்ளைகளின் கட்டைவிரல், சுவரின் கனத்தைப் பார்க்காமலே உணர ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் செய்த ஆமைகளும் வீடுகளும் பேருந்துகளும் உள்ளே குடைந்தவையாக இருந்தன. ஒன்றிரண்டு தவிர வெடிக்கவில்லை.

மற்ற ஆசிரியர்கள் இதற்குள் வந்த விதம் எதிர்பாராதது. கலைப் பாடவேளையை வழக்கமாகக் கடன் வாங்கிக்கொள்ளும் கணக்கு ஆசிரியர், "அப்படி என்னதான் பண்றீங்க" என்று பார்க்க வந்தார். அன்று பிள்ளைகள் ஈர மண்ணில் சிறு பட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் சரியாக 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு கீறியிருந்தார்கள். காய்ந்தபின் அந்தக் கோட்டை அளந்தால் 9.4, சுட்டபின் 9.2. பெரியவர் இதை எண்ணாகச் சொன்னதில்லை. "ஒரு விரக்கடை பெருசாவே போடு, சுட்டா எறங்கிடும்" என்று மட்டும் சொல்வார். அந்த விரற்கடையைச் சதவீதமாக மாற்றியது கணக்கு ஆசிரியர். சுட்டபின் மூடி சரியாகப் பொருந்த, ஈரத்தில் பானையின் வாய் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர் போட்ட கணக்கு, பாடநூலில் உள்ள எந்தக் கணக்கையும்விடப் பிள்ளைகளை அதிகம் வாட்டியது. அறிவியல் ஆசிரியை, மண்ணில் உள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சுடும்போது சிவப்பாவதையும், புகையில் மூச்சுத் திணற வைத்தால் கறுப்பாவதையும் அதே பானைகளை வைத்து விளக்கினார்.

சமூக அறிவியலுக்கு எங்கள் வட்டாரத்தில் தனிக் கொடுப்பினை உண்டு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரும், அதற்குப் பின் கசால் என்ற இன்னொரு தொல்லியலாளரும் அகழ்ந்தபோது, ரோமானிய மதுச்சாடித் துண்டுகளோடு, உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளி வரிகள் பதித்த ரௌலட்டட் வகை மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. அந்தப் புள்ளி வரியின் படத்தைக் காட்டியதும், ஒரு பையன் சோடா மூடியின் பல்விளிம்பை ஈரத் தட்டின் மேல் உருட்டி ஏறக்குறைய அதே வரியைக் கொண்டுவந்தான். பெரியவர் அதை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் தானும் ஒரு மூடியோடு வந்தார்.

இவ்வளவு சொன்னதால் இந்த வழியில் குறையே இல்லை என்று ஆகிவிடாது. 40 நிமிடப் பாடவேளையில் மண் வேலை நடக்காது. இரண்டு வேளைகளைச் சேர்த்துத்தான் ஒதுக்க வேண்டும், அதற்கு மற்ற ஆசிரியர்களின் சம்மதம் வேண்டும். நாற்பது பிள்ளைகள் மூன்று குழாய்களில் கை கழுவ மட்டும் கால் மணி நேரம் போகும். வாளிகளில் நீர் நிரப்பி வைத்தால் பாதியாகக் குறையும், குழாயடியில் மண் அடைப்பதும் நிற்கும். கைவினைஞருக்கு ஒரு வாரம் உடம்பு முடியாமல் போனால் தொடர் அறுந்துவிடும். இன்னொரு சிக்கல், தேர்ந்த கை சும்மா இருக்காது: பிள்ளை கோணலாகச் செய்ததைக் கண்டதும் பெரியவரின் விரல் தானாகப் போய் அதை நிமிர்த்திவிடும், பிள்ளையின் முகம் விழுந்துவிடும். "விட்டுடுங்க ஐயா, அவளே பாத்துப்பா" என்று மென்மையாகச் சொல்லும் வேலை ஆசிரியருடையது. ஆசிரியர் செய்யும் தவறும் உண்டு. நான் மதிப்பெண் போட ஆரம்பித்த அன்று, பிள்ளைகள் புதிதாக எதையும் முயலாமல் நிறுத்திவிட்டார்கள். பெரியவரின் மதிப்பீடு வேறு: சுட்ட பாத்திரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டுவார். கணீரென்றால் சரி, மொத்தையாக ஒலித்தால் எங்கோ விரிசல். அந்தச் சோதனையைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொண்டார்கள், மதிப்பெண் தேவைப்படவில்லை.

மரியாதை பற்றியும் இங்கேதான் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில், வந்திருந்த கைவினைஞரைத் தரையில் உட்காரவைத்து ஆசிரியர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்ததையும், வயதில் இளைய ஆசிரியர் ஒருவர் அவரை 'வாப்பா போப்பா' என்று பேசியதையும் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சேர வேண்டிய தொகை மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. பிள்ளைகள் அன்று பானை செய்யக் கற்றார்களோ இல்லையோ, வேறொன்றை நன்றாகவே கற்றிருப்பார்கள். மண் வேலை தரையில்தான் நடக்கும் என்றால் ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். எங்கள் பிள்ளைகள் பெரியவரை முதலில் 'தாத்தா' என்றார்கள். இரண்டாம் வாரம் தாங்களாகவே 'மண் சார்' என்று மாற்றிக்கொண்டார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபதுக்கும் சற்று அதிகமான கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளி விதிகள் வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின, அந்த வாரியம் பத்தாம் வகுப்பு வரை கலையை மற்றப் பாடங்களோடு இணைத்த செயல்திட்டத்தை எதிர்பார்க்கிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குள் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களை ஒதுக்கித் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் பிள்ளைகள் பழக வேண்டும் என்று தொழில்களின் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆக, அங்கே நான்காவது வழிக்குத் தாளில் இடம் தயாராக இருக்கிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு: பத்து நாளையும் பத்து ஒருநாள் செயல்விளக்கங்களாகச் செலவழித்துவிட்டு, பத்தும் முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஒரே கைவினைஞரோடு பத்து நாள் என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால், நான் எட்டு வாரத்தில் செய்ததைவிட அதிகமாகவே செய்யலாம்.

அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில், உள்ள கலைப் பாடவேளைகளுக்குள்தான் இதைப் பொருத்த வேண்டும். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா ஒரு நல்ல தூண்டுதல். ஆயினும் அது போட்டி; திறமை ஏற்கெனவே உள்ள ஒரு பிள்ளையை மேடையேற்றும். 82 பேருக்கும் மண் கிடைக்க அது உதவாது.

இரண்டு நாள்காட்டிகள்

செலவைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஆவணியில் விநாயகர் சதுர்த்தி, புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல், தையில் பொங்கல் பானை. இவை ஒன்றன் பின் ஒன்றாக வரும் மாதங்களில் கைவினைஞரைப் பள்ளிக்குக் கூப்பிடுவது, தேர்வு நாளன்று ஆசிரியரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதைப் போன்றது. அதோடு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. நம் கடற்கரையில் அப்போது எதுவும் காயாது. நான் கேட்டவரையில், பானையும் அகலும் செய்பவர்களுக்குக் கோடைத் தண்ணீர்ப் பானை விற்பனை முடிந்த ஆனி மாதமும் ஆடியின் முற்பகுதியும் ஓரளவு ஓய்வானவை. பொம்மை செய்பவர்களுக்குத் தை கழிந்த பிறகு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கு ஜூன் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை, குயவரோடு என்பது பெரும்பாலும் பொருந்துகிறது. ஏப்ரலிலேயே ஆண்டைத் தொடங்கும் பள்ளிகள் பொம்மைக் கலைஞரை அழைக்கலாம். வெயிலும் துணை நிற்கும்.

எங்கள் பள்ளிக்கு என் பரிந்துரை

நான்காவது வழியே, அதன் தொடக்கத்தில் மட்டும் இரண்டாவது வழியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, முதல் வாரம் பிள்ளைகள் இருபது இருபத்தொரு பேராகப் பட்டறைக்குப் போய் மண் வருவதையும் மிதிப்பதையும் பார்க்கட்டும், தாங்களும் மிதிக்கட்டும். அந்தத் தெருவில் வீடுள்ள பிள்ளை யாரேனும் உண்டா என்று முன்பே தனியாகக் கேட்டுவிட வேண்டும். பிறகு எட்டு வாரம் பள்ளியில். சுடுவது அவருடைய சூளையில்.

கணக்கு இப்படி வருகிறது. கைவினைஞருக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய் வீதம் 12 நாள்களுக்கு 18,000. இதில் எட்டு வகுப்பு நாள்கள், பட்டறைப் பயணத்துக்கு இரண்டு நாள், திட்டமிடும் இரண்டு அரை நாள்கள் சேர்ந்த ஒருநாள், சூளை நாள் ஒன்று அடங்கும். அவரோடு வரும் உதவியாளருக்கு, அது பெரும்பாலும் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கும், ஆறு நாளுக்கு 800 வீதம் 4,800. இந்த உதவியாளரின் பெயரும் வருகைப் பதிவில் எழுதப்பட்டு, பணம் அவர் கையிலேயே தரப்பட வேண்டும். இல்லாவிட்டால் பெண்களின் உழைப்பு வழக்கம்போலக் கணக்கில் வராமல் போய்விடும். மண், வண்டி வாடகை, சூளை விறகு ஆகியவற்றுக்கு 6,000. பிள்ளைகளை நான்கு தடவை அழைத்துப் போய் வர 8,000. வாளி, பலகை, சாக்கு, மண் வெட்டும் கம்பி ஆகியவற்றுக்கு மிச்சமுள்ள 3,200. மொத்தம் 40,000; ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. நிறைவு விழாவுக்கும் சால்வைக்கும் இதில் இடமில்லை என்பதைக் குழுவினர் மன்னிக்க வேண்டும்.

பெரிய கூட்டுக் குழுவாக ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்தால் ஒரே கைவினைஞருக்கு இரண்டு மாத வருமானமே உறுதியாகும். அப்போது நாள் ஊதியத்தைப் பற்றிப் பேரம் பேசவும் தேவையிராது. எங்களுக்கு இந்த ஆண்டு அது முடியாது.

தொகை வந்து சேரும்வரை காத்திருந்தால் ஜூன் போய்விடும். மண்ணைத் தோண்டி, காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, கல் பொறுக்கிப் பதப்படுத்த நாள் பிடிக்கும்; 82 பிள்ளைகளுக்கு எட்டு வாரத்துக்கு வேண்டிய மண், திரும்பத் திரும்பக் கரைத்துப் பயன்படுத்தினாலும், பெரியவரின் கணக்கில் ஒரு குட்டியானை வண்டி நிறைய வேண்டும். அதனால் கூட்டத்தில் முடிவு எதுவானாலும் மே கடைசி வாரத்துக்குள் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். முன்பணமாக 6,000 ரூபாயைத் தலைமையாசிரியரும் நானும் இப்போதைக்குக் கையிலிருந்து போடுகிறோம்.